பாதி மாடி வெள்ளை

இரண்டாம் மாடி,
அஞ்சம்மாள் காம்ப்ளக்ஸ், இரும்புலியூர்
16 ஏப்ரல் 2024

சம்பந்தம் சார் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று உங்கள் ஹார்டுவேர் கடையில் நாலு பேர் முன்னால் குரலை உயர்த்தினேன். அதற்கு நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இனிமே எதுவா இருந்தாலும் எழுத்துல குடு. கடையாண்ட வந்து கத்திகினு நிக்காதே." சரி சார், எழுத்தில் கொடுக்கிறேன். கேட்டது நீங்கள். பிறகு பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று சலித்துக்கொள்ளக் கூடாது.

டிசம்பர் மழையில் என் தையல் யூனிட்டில் கூரை ஒழுகியது. நான்தான் வந்து சொன்னேன், மறுக்கவில்லை. நீங்களும் உடனே ஆள் விட்டு மொட்டை மாடி முழுக்கக் கறுப்புத் தார் ஷீட் ஒட்டினீர்கள். ஒழுகல் நின்றது. பங்குனி பிறந்ததும் கூரை சுட ஆரம்பித்தது. மத்தியானமானால் தலைக்கு மேல் ஒரு பெரிய தோசைக்கல்லைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறது. ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் இறக்கித் தருகிறது. நேற்று என்னிடம் வேலை செய்யும் சரசு, பட்டன் துளை போடும் காஜா மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டாள். டாக்டர் வெயில் மயக்கம் என்றார். அதைச் சொல்லத்தான் கடைக்கு ஓடி வந்தேன். "பொம்பளைங்க காலைல சாப்டாம வந்துடுவாங்க, அதான்" என்றீர்கள். அவள் சாப்பிட்டாள் சார். நாலு இட்லி, கெட்டிச் சட்னி. பக்கத்தில் உட்கார்ந்து நானும் சாப்பிட்டேன்.

நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் தார் ஷீட் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்துத் தாருங்கள். இது என் மூளையில் முளைத்தது இல்லை. என் தம்பி டெனிஸ் பெருங்குடியில் ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தில் சைட் சூப்பர்வைசராக இருக்கிறான். கரண்ட் மிச்சம் பிடிக்க வணிகக் கட்டடங்களுக்கென்று அரசாங்கமே விதி வைத்திருக்கிறதாம். மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் கூரை திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவர்கள் சைட்டில் பூச்சுக்குச் சான்றிதழே கேட்கிறார்களாம். வண்டி நிறுத்தும் தரைகூட அங்கே கறுப்பில் போடுவதில்லை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. வருடத்தில் எங்களுக்கு இருக்கும் ஒரே சீசன் இந்த யூனிஃபார்ம் சீசன்தான். மத்தியானம் மூடிவிட்டுப் போக முடியாது. அதற்காக என் பெண்களை அந்த அடுப்பில் உட்கார வைக்கவும் முடியாது. யோசித்து நல்ல பதிலாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ச. ஜீவிதா


தரைத் தளம்
18 ஏப்ரல் 2024

திருமதி ஜீவிதா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வாட்ச்மேன் சிட்டிபாபு கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "இன்னா சார், ரெண்டு மாடிக்கு ஒரு தபாலா?" என்று பல்லைக் காட்டுகிறான். சொந்தக் கட்டடத்தில் என் நிலைமை இப்படி ஆகிவிட்டது.

ஒழுகுகிறது என்றீர்கள், தார் ஷீட் போட்டேன். இப்போது சுடுகிறது என்கிறீர்கள், வெள்ளை கேட்கிறீர்கள். மார்கழியில் குளிர்கிறது என்று கம்பளி கேட்பீர்கள். ஆடத் தெரியாதவள் தெரு கோணல் என்றாளாம்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் தலை நரைக்கும் வரை பெயிண்ட் விற்றவன் நான். எந்தப் பூச்சு என்ன செய்யும் என்று எனக்குப் பாடம் வேண்டாம். அந்த விதியையும் நம் இன்ஜினீயரிடம் கேட்டுவிட்டேன். அது ஐ.டி. கம்பெனி, மால் மாதிரி பெரிய பெரிய கட்டடங்களுக்குத்தானாம். நம் காம்ப்ளக்ஸ் அதில் வராது. வராத விதியைக் காட்டி என்னைப் பயமுறுத்த வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்தக் கட்டடம் நிற்கிற இடம் எங்கள் அப்பா காலத்தில் நெல் வயல். இதே சித்திரை வெயிலில் ஆட்கள் வேலை செய்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் கூரையே கிடையாது. ஒருத்தரும் மயங்கி விழவில்லை.

இப்படிக்கு,
கோ. சம்பந்தம்


இரண்டாம் மாடி
22 ஏப்ரல் 2024

சம்பந்தம் சார் அவர்களுக்கு,

வணக்கம். ஆடத் தெரியாதவள் என்றீர்கள். உங்கள் பேத்தி போன வருடம் போட்டுக்கொண்டு போன யூனிஃபார்ம் நான் தைத்தது. ஒரு பட்டன்கூட இன்னும் உதிரவில்லை, வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

விதி உங்கள் கட்டடத்துக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். டெனிஸிடம் கேட்டேன், அவனும் அதையே சொன்னான். ஆனால் நாம் சின்னக் கட்டடம், நமக்கு விலக்கு உண்டு என்று வெயிலுக்கு யாரும் சொல்லவில்லையே சார். பெருங்குடியில் அடிக்கிற அதே வெயில்தான் இரும்புலியூரிலும் அடிக்கிறது. அங்கே ஏசி மிச்சமாக வேண்டும் என்று வெள்ளை அடிக்கிறார்கள். எங்களுக்கு ஏசியே கிடையாது. எங்களுக்குத்தான் அந்தக் கூரை முதலில் வேண்டும்.

நீங்கள் பெயிண்ட் விற்றவர்தான். விற்ற பெயிண்டுக்கு அடியில் மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்து தைத்தவர் இல்லை.

அப்புறம் உங்கள் வயல். அந்த வயலில் நாற்று நட்டவர்களில் என் அம்மா வீட்டாரும் உண்டு. என் பெரியம்மா ஒருத்தி வரப்பிலேயே மயங்கி விழுந்து, தூக்கிக்கொண்டு போனார்கள் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். மயங்கினார்கள் சார். உங்கள் வீட்டுக்கு யாரும் எழுத்தில் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

என்னை நம்ப வேண்டாம். உங்கள் மகன் மோகன்ராஜின் ஆபீஸ் எங்களுக்கு அடுத்த கதவு, அதே கூரை. அங்கே ஏசி காலையிலிருந்து முனகுகிறது, அவரும் சட்டை பட்டனைக் கழற்றிவிட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார். அதுவும் வேண்டாம் என்றால், ஒருநாள் உச்சி வெயிலில் நீங்களே மொட்டை மாடிக்கு வாருங்கள். செருப்பைப் படிக்கட்டில் விட்டுவிட்டு அந்தத் தார் ஷீட்டில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இறங்கி வந்து நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ச. ஜீவிதா


தரைத் தளம்
25 ஏப்ரல் 2024

திருமதி ஜீவிதா அவர்களுக்கு,

வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரனை மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்கச் சொல்கிறார். இதை அப்படியே வீட்டில் படித்துக் காட்டினேன். என் மனைவி அஞ்சம்மாள் எனக்காகக் கோபப்படுவாள் என்று பார்த்தேன். "அந்தப் பொண்ணு சொல்றது ஞாயந்தானே. ஒரு டப்பா பெயிண்டுக்கா இம்மாம் பேச்சு?" என்கிறாள். உங்கள் தபால் என் வீட்டுக்குள்ளேயே கட்சி கட்டிவிட்டது.

சரி. தினம் ஒரு கடிதம் வாங்க எனக்குத் தெம்பில்லை. உங்கள் தலைக்கு மேல் இருக்கிற பாதி மாடியை மட்டும் என்னவோ பூசிக்கொள்ளுங்கள். செலவு உங்களுடையது, ஆள் உங்களுடையது. மோகன்ராஜ் ஆபீஸ் மேல் இருக்கிற பாதியில் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. தார் ஷீட்டில் ஓட்டை விழுந்தால் நீங்கள் பொறுப்பு.

நான் எழுதியே தருகிறேன், சூடு குறையாது. குறைந்தால், நீங்களாகப் போகிறேன் என்று சொல்லும் வரைக்கும் அந்த மாடி உங்களுக்குத்தான். எவன் வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். எழுத்தில்தானே வேண்டும்? இதோ, தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

கோ. சம்பந்தம்


இரண்டாம் மாடி
2 மே 2024

சம்பந்தம் சார் அவர்களுக்கு,

வணக்கம். நேற்று மே தினம் லீவு என்பதால் எல்லோரும் சேர்ந்து முடித்துவிட்டோம். விடியற்காலையில் தார் ஷீட்டைப் பெருக்கிக் கழுவினோம். டெனிஸ் முதலில் ஒரு பிரைமர் அடிக்க வைத்தான், இல்லையென்றால் தார் மேலே கசிந்து வெள்ளை மஞ்சளாகிவிடுமாம். அது காய்ந்ததும் ஒரு கோட், சாயங்காலம் இன்னொரு கோட். நடுவில் கயிறு பிடித்துக் கோடு போட்டுத்தான் அடித்தோம். உங்கள் மகன் பக்கம் ஒரு சொட்டும் விழவில்லை. எங்கள் நைட்டியில்தான் விழுந்திருக்கிறது. சிட்டிபாபு மேலே வந்து பார்த்துவிட்டு, "இன்னாக்கா, சித்திரையிலேயே பொங்கலா? சுண்ணாம்பு அடிச்சிகினு கீறீங்க?" என்றான். அவன் கையிலும் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தோம்.

இன்று மத்தியானம் சரசு கட்டிங் டேபிள் மேல் ஏறிக் கூரையில் உள்ளங்கையை வைத்தாள். போன வாரம் தொட்டதும் கையை எடுத்தவள், இன்று வைத்த கையை எடுக்காமல் தன் மாமியார் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். சார், குளுகுளுவென்று இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். மே மாதம் மே மாதம்தான். ஆனால் உட்கார்ந்து தைக்கலாம். மூன்று மணிக்கு யாரும் சுவரில் சாயவில்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு. மோகன்ராஜ், "சும்மா எப்டி இருக்குன்னு பாக்கலாம்னு வந்தேன்கா" என்று உள்ளே வந்தார். எங்கள் ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு போனைப் பார்க்க ஆரம்பித்தவருக்கு டீயும் இங்கேயே வந்தது. அடுத்த அறையில் அவருடைய ஏசி யாருக்காகவோ ஓடிக்கொண்டிருந்தது.

உங்கள் கடிதத்தைக் கட்டிங் டேபிள் கண்ணாடிக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ச. ஜீவிதா


தரைத் தளம்
4 மே 2024

திருமதி ஜீவிதா அவர்களுக்கு,

ஒரு நாள் கடற்காற்று சீக்கிரம் வந்ததற்கெல்லாம் குதிக்க வேண்டாம். கத்திரி இன்றைக்குத்தான் பிறந்திருக்கிறது. அது போகட்டும், பிறகு பேசலாம்.

இப்போது வேறு பிரச்சினை. அஞ்சம்மாள் நேற்றுத் தாம்பரம் மார்க்கெட்டிலிருந்து ஆட்டோவில் வரும்போது பாலத்தின் மேலிருந்து நம் மாடியைப் பார்த்திருக்கிறாள். பாதி மாடி பளீரென்று கண்ணைப் பறிக்கிறதாம். ஆட்டோக்காரனே, "யார் வூடும்மா அது?" என்று கேட்டானாம். போகிற வருகிற கண்ணெல்லாம் நம் மேல்தான் என்று ராத்திரி சாப்பிடவில்லை. அதற்கு ஒரு பரிகாரம் ஏற்பாடு செய்திருக்கிறேன். நாளை பெயிண்டர் வருவான். இது என் கட்டடம், இதில் நீங்கள் தலையிட வேண்டாம்.

கோ. சம்பந்தம்


இரண்டாம் மாடி
6 மே 2024

சம்பந்தம் சார் அவர்களுக்கு,

தலையிடாமல் எப்படி இருப்பது? என் தலைக்கு மேல்தானே நடக்கிறது!

நாங்கள் இடுப்பொடியப் பூசிய வெள்ளையில், ஒரு கட்டில் அகலத்துக்கு, கறுப்பில் ஒரு திருஷ்டிப் பூத முகம். முறுக்கு மீசை, கோரப் பல், உருட்டு விழி. அதுவும் எதில் வரைந்திருக்கிறான்? உங்கள் கடையில் மிச்சம் கிடந்த தார் பெயிண்டில். சரியாக என் கட்டிங் டேபிளுக்கு நேர் மேலே. இன்று மத்தியானம் அந்த இடம் மட்டும் பழையபடி கொதிக்கிறது. துணி வெட்டுகிறவள் டேபிளை விட்டுவிட்டுத் தரையில் விரித்து வெட்டுகிறாள். மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது, பூதத்துக்கு அடியில் மட்டும் இருக்க முடியவில்லை. எது சுடுகிறது என்று இனியும் உங்களுக்குச் சந்தேகம் இருக்கிறதா?

அஞ்சம்மாள் அம்மாவின் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகும் குழந்தைக்குக் கன்னத்தில் மை வைத்துவிட்டுத்தான் சிலுவை போடுவார்கள். ஆனால் கன்னத்தில் ஒரு பொட்டுத்தான் சார் வைப்போம், குழந்தையின் தலையில் தாரை ஊற்ற மாட்டோம். கண் படுவது ரோட்டிலிருந்துதானே? பூதத்தை ரோட்டைப் பார்த்த சுவரில் வரையுங்கள். அதுவும் நாலு பேரைப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கும்.

மேலே இருப்பதை அழிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் நானே ஏறி அழிப்பேன். இதையும் எழுத்தில்தான் கொடுக்கிறேன்.

ச. ஜீவிதா


வீட்டிலிருந்து
9 மே 2024

ஜீவிதாம்மாவுக்கு,

கடையிலிருந்து எழுதவில்லை, கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டு காலிலும் கட்டு. சிட்டிபாபு இதற்குள் ஊர் முழுக்கச் சொல்லியிருப்பான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அமாவாசை. உச்சி வேளையில் பூதத்துக்குச் சூடம் காட்டிப் பூசணிக்காய் சுற்ற வேண்டும் என்று அஞ்சம்மாள் சொன்னாள். சாமி காரியம், செருப்பைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டேன். கதவைத் திறந்தால் முதலில் மோகன்ராஜ் பக்கத்துத் தார் ஷீட். நாலு எட்டுதான் வைத்தேன், கையில் பூசணிக்காயோடு கோழிக்குஞ்சு மாதிரி குதித்தேன். வெள்ளைக்கு வந்து சேர்ந்ததும் நின்றேன். சுட்டது, ஆனால் நிற்க முடிந்தது. நிற்க முடிகிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்போதே இறங்கியிருக்க வேண்டும்.

சூடத்தைப் பூதத்தின் நெற்றியில் அல்லவா ஏற்ற வேண்டும்? அதன் கன்னத்தில் கால் வைத்தேன். நானே காசு கொடுத்து வரைய வைத்த பூதம் என் உள்ளங்காலை உரித்துவிட்டது. பூசணிக்காய் கைநழுவி அதன் வாயிலேயே விழுந்து உடைந்தது. ஓடி வந்து வெள்ளையில் உட்கார்ந்துவிட்டேன். வாசற்படியிலிருந்து அஞ்சம்மாள், "அத்த வுட்டு வெள்ளையாண்டயே நில்லுய்யா" என்று கத்தியது எனக்கு எப்போதும் மறக்காது.

ஒருநாள் செருப்பில்லாமல் நின்று பாருங்கள் என்று நீங்கள் எழுதியபோது திமிர் என்று நினைத்தேன். இப்போது டாக்டர் களிம்பு தடவும்போதெல்லாம் அந்த வரி ஞாபகம் வருகிறது. சூடு குறைந்திருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

பூதத்தின் மேல் வெள்ளை அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். முன் சுவரில் புதிதாக ஒன்று வரைவான். மீசை கொஞ்சம் சின்னதாக.

சம்பந்தம்


இரண்டாம் மாடி
20 மே 2024

சம்பந்தம் சார் அவர்களுக்கு,

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டுத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்க நினைத்தேன். முடியவில்லை, கோபம் முந்திக்கொள்கிறது.

சனிக்கிழமை மோகன்ராஜ் ஒரு ஆளோடு வந்தார். நீட் கோச்சிங் சென்டர் வைக்கிறவராம். எங்கள் மெஷின்களுக்கு நடுவில் டேப் பிடித்து அளந்தார். பிறகு கூரையைப் பார்த்து, "மாடின்னு சொன்னா நம்பவே முடியல சார், நல்லா கூலா இருக்கே" என்றார். அவர் போனதும் மோகன்ராஜ் என்னிடம், "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்கக்கா. அப்பாவுக்கும் தெரியும்" என்றார்.

அப்பாவுக்கும் தெரியும். அந்தச் சொல்லைத்தான் சார் என்னால் விழுங்க முடியவில்லை. அடுப்பாக இருந்த வரைக்கும் இந்த இடத்தை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. நாங்கள் லீவு நாளில் முட்டி தேயப் பூசிக் குளிர வைத்ததும் எங்களுக்கே வழி காட்டுகிறீர்கள். தைத்தும் தைக்காமலும் யூனிஃபார்ம் மலையாகக் கிடக்கிறது. இதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் நான் எங்கே போவேன்? சரசு கேட்கிறாள், "அக்கா, நம்ப வெள்ள அடிச்சது தப்பாக்கா?" என்று. அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி நீங்கள் எழுதிய கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். எழுத்தில் கொடு என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். உங்கள் எழுத்தை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள்.

நான் போக மாட்டேன்.

ச. ஜீவிதா


வீட்டிலிருந்து
22 மே 2024

ஜீவிதாம்மாவுக்கு,

எனக்குத் தெரியும் என்று மோகன்ராஜ் சொன்னது நிஜம். கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நல்ல பார்ட்டிப்பா, விடக் கூடாதுப்பா என்றான். சரி என்று தலையாட்டினேன். வளர்ந்த பிள்ளை கேட்டால் தலை தானாக ஆடுகிற வயசு எனக்கு. எழுதிக் கொடுத்தது அப்போது ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். வந்தது. வந்ததை ஓரமாகத் தள்ளினேன்.

அஞ்சம்மாள் அந்த ஜெராக்ஸை வாங்கி என் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "எழுதிக் குடுத்துட்டு இன்னாத்துக்குய்யா முழிக்கிற?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கையால் கெட்டேன்.

மோகன்ராஜைக் கூப்பிட்டுச் சொன்னேன். குதித்தான். "ஒரு லெட்டருக்காகவா ப்பா?" என்றான். "டேய், நெலத்த வித்தோம், ஏரிக்கரைத் தோப்ப வித்தோம். எழுதிக் குடுத்த வார்த்தையையும் விக்கச் சொல்றியா?" என்று கேட்டேன். எழுந்து போனான். திரும்பி வந்தான், என் மகன்தானே. கோச்சிங்காரருக்குக் குளிர்ச்சியான இடம்தானே வேண்டும்? மோகன்ராஜின் பாதியை அவருக்குக் கொடுக்கலாம், அவன் ஆபீஸ் கீழே என் கடைக்குப் பின்னால் வரட்டும். அந்தப் பாதி மாடிக்கும் வெள்ளை அடிக்க வேண்டும். இந்த முறை பெயிண்ட் என் கடையிலிருந்து வரும். எப்படி அடிப்பது என்று டெனிஸ் வந்து சொல்லிக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

நாற்று நட்டவர்களைப் பற்றி ஏப்ரலில் நீங்கள் எழுதிய வரிக்கு நான் பதில் எழுதவில்லை. இத்தனை நாள் படுத்துக்கொண்டு அதையே யோசித்தேன். உங்கள் பெரியம்மா பேர் என்ன என்று மட்டும் தெரிந்தால் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை மோகன்ராஜே கொண்டுவந்து கொடுப்பான். வாங்கும்போது அவன் முகத்தை ரொம்ப நேரம் பார்க்காதீர்கள், பாவம். இனிமேல் எழுத்தில் எதுவும் வேண்டாம். கடைக்கே வந்து கத்துங்கள்.

சம்பந்தம்


இரண்டாம் மாடி
24 மே 2024

சம்பந்தம் சார் அவர்களுக்கு,

வணக்கம். மோகன்ராஜ் கடிதத்தைக் கொடுத்தார். நீங்கள் சொன்னபடி நான் முகத்தைப் பார்க்கவில்லை. சரசுதான் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து ஃபேனுக்கு அடியில் உட்கார வைத்தாள். குடித்துவிட்டு, "சாரிக்கா" என்றார். அது எனக்குப் போதும்.

போக மாட்டேன் என்று உங்களுக்கு எழுதினேன் அல்லவா? எழுதிவிட்டு அன்றைக்கே துணியெல்லாம் மூட்டை கட்டச் சொல்லிவிட்டேன். எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது. உங்கள் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டியதும் சரசு முதல் ஆளாகப் போய் ஒரு மூட்டையைப் பிரித்தாள். அழுதுகொண்டே பிரித்தாள், நானும் அழுதேன். பெரியம்மா பேர் ஞானம்மா. நீங்கள் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். "அவரா கேட்டாரு?" என்றாள்.

மோகன்ராஜின் பாதிக்கு ஞாயிற்றுக்கிழமை டெனிஸ் வருவான். நாங்களும் வருகிறோம். பூச்சு அடித்தால் மட்டும் போதாது, தூசி படிந்தால் வெள்ளை வேலை செய்யாது. மாதம் ஒருமுறை கழுவ வேண்டும் என்று சிட்டிபாபுவிடம் சொல்லி வையுங்கள். முன் சுவரில் பூதம் நன்றாக வந்திருக்கிறது. மீசை இப்போதும் பெரிதுதான்.

எழுத்தில் எதுவும் வேண்டாம் என்கிறீர்கள். இன்னும் ஒன்றே ஒன்று பாக்கி இருக்கிறது. கட்டடத்துக்கு முன்னால் வண்டி நிறுத்த நீங்கள் போட்டிருக்கிற கறுப்புத் தார் தரை. அங்கே நிறுத்திய வண்டி சீட்டில் மத்தியானம் யாரும் உட்கார முடிவதில்லை. அதன் அனல்தான் உங்கள் கடைக்குள்ளும் அடிக்கிறது, மாடிப்படி வழியாக எங்களிடமும் ஏறி வருகிறது. அதைப் பெயர்த்துவிட்டு வெளிர் நிறக் கல் பாவலாம், ஓரத்தில் இரண்டு புங்க மரமும் வைக்கலாம். உங்களுக்கு அந்த விதி கிடையாது என்று மறுபடியும் சொல்வீர்கள், தெரியும்.

அதனால் உங்கள் கால்கட்டைப் பிரித்த மறுநாள் உச்சி வேளையில் நான் அந்தத் தார் தரையில் நிற்பேன். வந்து பாருங்கள். இந்த முறை செருப்பைப் போட்டுக்கொண்டே வாருங்கள்.

இப்படிக்கு,
ச. ஜீவிதா